நிர்வாக சாஸ்திர மகிமை

சர்வகலாசாலையில் நிர்வாக சாஸ்திரம் பயிலப் புகும் மாணாக்கன் முதன்முதலில் தரிசிக்க வேண்டியவர் பிரடெரிக் டெய்லர். அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில், நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்து வண்டியேற்றிவந்த தொழிலாளிக்கு, எப்போது நடப்பது, எப்போது உட்காருவது என்பதையெல்லாம் கடிகாரமும் கையுமாக உபதேசித்து, 47 டன் சுமக்கவைத்து, கூலியையும் 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்த்தியதாக அம்மகான் தமது 1911ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார். சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. இந்தக் கணக்கைத் தொழிலாளி போட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தானோ என்னவோ, இப்பணிக்கு எருதை நிகர்த்த மந்தபுத்திக்காரனே உகந்தவன் என்றும் அதே நூலில் அருளியிருக்கிறார்.

அடுத்து வருவது ஹாதார்ன் தொழிற்சாலை. சிகாகோவை அடுத்த அத்தொழிற்சாலையில் 1924 முதல் விளக்கொளியைக் கூட்டிப் பார்த்தார்கள், உற்பத்தி கூடிற்று. குறைத்துப் பார்த்தார்கள், அப்போதும் கூடிற்று. திகைத்த பண்டிதர்கள், பிற்பாடு சில பெண்களைத் தனியறையில் அமர்த்தி, இடையிடையே ஓய்வும் சிற்றுண்டியும் அளித்து, வருஷக்கணக்கில் உற்றுநோக்கி, மனிதன் கூலிக்காக மட்டுமன்றிக் கூடிப் பழகும் சிநேகபாவத்தாலும் உழைக்கிறான் என்ற பேருண்மையை உலகுக்கு அறிவித்தார்கள். அப்பெண்களுள் இருவர், அதிகம் பேசுகிறார்கள் என்ற குற்றத்துக்காக 1928 ஜனவரியில் அறையைவிட்டு மாற்றப்பட்டதைப் பாடப்புத்தகம் சற்று அவசரமாகவே கடந்துபோகும். போகட்டும், அந்தச் சிநேகபாவத்தின் மகிமையைப் பரீட்சை மண்டபத்தில் பத்து மதிப்பெண்ணுக்கு விஸ்தரித்துக்கொண்டிருக்கும் மாணாக்கனும், பக்கத்து நாற்காலிக்காரனோடு ஒரு வார்த்தை பேசினால் வெளியேற வேண்டியவன்தானே!