கரண்டிக்கும் கிராமுக்கும் பஞ்சாயத்து

வாரும் மருமவனே. துறைமுகத்துல கணக்கு எழுதுத ஆளு, கண்டெய்னருக்கு எத்தனை டன்னுன்னு தூக்கத்துலயும் சொல்லுவீரு. 10 கிராம் பேக்கிங் பவுடர் எத்தனை கரண்டின்னு கேக்க மாமனைத் தேடி வந்திருக்கீரு. சந்தோசம். இதுக்காவது நான் வேணும்னு தோணிச்சே.

கணக்கை முதல்ல சொல்லிப்புடுதேன், இல்லன்னா மாமன் கதை விடுதான்னு உங்க அம்மாகிட்ட வத்தி வைப்பீரு. டீஸ்பூன்னா 5 மில்லி பிடிக்குற அளவுக் கரண்டி. டீக்கடையில சீனி கலக்குத கரண்டி இல்ல. அதுல பொடியை அள்ளி, கத்தி முதுகால தலையைச் சீவிவிட்டா 4, 4½ கிராம் நிக்கும். 10 கிராமுக்கு ரெண்டேகால் கரண்டி. ஆப்பசோடா கொஞ்சம் கனம், 5 கிராமை ஒட்டி வரும். ஈஸ்ட் குருணைன்னா 3 கிராம்தான். சீவாம உம்ம தாராள மனசுக்குக் கோபுரம் கட்டினீருன்னா அதே கரண்டி 7 கிராமுக்கு மேலயும் தூக்கும். அப்புறம் கேக்கு பொங்கி, நடுவுல குழி விழுந்து கெடக்கும். நீரு அடுப்பைத் திட்டுவீரு.

தராசு வாங்கிட்டேம்பீரு. வீட்டுத் தராசு பெரும்பாலும் ஒவ்வொரு கிராமாத்தான் தாண்டும். 2 கிராம் சோடாவை அதுல வச்சா ஒரு நேரம் 1-ம்பான், ஒரு நேரம் 3-ம்பான். அதுக்கு ஒரு சூது இருக்கு: சீவின கரண்டி 10 அள்ளி மொத்தமா நிறுத்து, பத்தால வகுத்துக்கிடும். உம்ம கரண்டி, உம்ம கை, உம்ம டப்பாப் பொடிக்கு அதுதான் எடை. போன்ல போட்டிருக்க எடை எவனோ ஒருத்தன் கரண்டியோடது.

இந்தத் தூத்துக்குடிக்கா எடைக்கணக்குத் தெரியாது? இங்க கடைசியா முத்துக் குளிச்சது 1961-ல. முத்துக் குளிச்ச காலத்துல நடந்த கணக்கைக் கேளும். முத்தைப் பித்தளைச் சல்லடையில சலிச்சு ரகம் பிரிப்பாவ. பெறகு மஞ்சாடிங்குற சின்ன எடைக் கணக்குல நிறுப்பாவ. அதோட விட்டாவளா? எடையை அதே எடையால பெருக்கி, அதுல முக்கால் எடுத்து, முத்து எண்ணிக்கையால வகுப்பாவ. வாறதுக்குப் பேரு செவ்வு. விலை பேசுதது செவ்வுக்குத்தான். ஒத்தை முத்து 4 மஞ்சாடி நின்னா 12 செவ்வு. அதே 4 மஞ்சாடிக்கு நாலு முத்து ஏறினா 3 செவ்வுதான். தராசுத் தட்டு ரெண்டு தரமும் ஒரே இடத்துலதான் நிக்கும். காசு நாலுல ஒண்ணாப் போயிரும். இதை மனக்கணக்காப் போட்ட ஊர்ல நீரு ரெண்டேகால் கரண்டிக்கு மூச்சு வாங்குதீரு.

சரி, பொடிக்கு வருவோம். டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தரம் படிச்சுக்கிடும். ஆப்பசோடா வெறும் சோடா. பேக்கிங் பவுடர்ல சோடாவோட புளிப்பு உப்பும் சோள மாவும் சேந்திருக்கும். 1843-ல பர்மிங்காம்ல ஆல்ஃபிரட் பேர்டுன்னு ஒரு மருந்துக்கடைக்காரர், பொஞ்சாதிக்கு ஈஸ்ட் ஒத்துக்கிடலன்னு செஞ்ச பண்டம். (நீரு உம்ம வீட்டுக்காரிக்கு ஒரு காப்பி ஆத்திக் குடுத்ததுண்டா?) வீரியம் பாத்தா சோடா பேக்கிங் பவுடரைவிட மூணு நாலு மடங்கு. கரண்டிக்குக் கரண்டின்னு சோடாவைக் கொட்டினீருன்னா கேக்குல சோப்பு வாடைதான் வரும்.

பெரிய எடத்துலயே இந்தச் சோடா பேருல தடுமாறுதாவ வேய். நம்ம ஊர் அல்காலி ஆலையில 2016-ல பாய்லர் புகையில இருந்து கரியமில வாயுவைப் பிடிக்க ஆரம்பிச்சாவ, வருசத்துக்கு 60,000 டன்னு கணக்கு. லண்டன் பத்திரிகையில அதைப் பேக்கிங் பவுடரா மாத்துதாவன்னு எழுதிட்டாவ. ஆலையோட முக்கியச் சரக்கு சோடா ஆஷ். கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் போறது. நல்லவேளை, லண்டன் பத்திரிகை பாத்து இங்க யாரும் ஆப்பத்துக்கு மாவு கரைக்குதது இல்ல.

டப்பா மூடியையும் பாரும். நம்ம கடல் காத்து உள்ள போச்சுன்னா புளிப்பும் சோடாவும் டப்பாக்குள்ளயே சண்டை போட்டு ஓஞ்சிரும். கரண்டி நிறையும், தராசும் சரியாக் காட்டும், வேலை மட்டும் நடக்காது. உம்ம ஆபீசுலயும் அப்படி நாலு பேரு இருப்பாவளே! அரைக் கரண்டியை வெந்நீர்ல போட்டுப் பாரும். புசுபுசுன்னு பொங்கலன்னா குப்பையில தட்டும்.

ஆமா, இம்புட்டும் கேட்டீரே, என்னத்தைச் சுடப் போறீரு?

மக்ரூனா!

ஏ மருமவனே, தூத்துக்குடியில பொறந்துட்டு இதையா கேட்டீரு? முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரையா அடிச்சு, முந்திரிப் பொடியைக் கலந்து, கூம்பு கூம்பா வச்சு, இளஞ்சூட்டுல காய வைக்குத பண்டம் அது. நுரைக்குள்ள இருக்குத காத்துதான் தூக்கணும். அதுல பேக்கிங் பவுடருக்கு என்னவே சோலி? 10 கிராம்னு எழுதினவன் எந்த ஊர்க்காரன்னு அந்தப் போன்லயே கேட்டுப் பாரும். கரண்டியைக் கீழ வச்சிட்டு முட்டையை அடியும், கை வலிக்கட்டும்.