பாரிஸில் குடியிருக்க விரும்புவோர் கவனத்துக்கு

கே: ஆபீஸ் பாரிஸில், அதாவது சென்னைப் பாரிமுனையில். வந்து போவதிலேயே பாதி உயிர் போகிறது. பேசாமல் சௌகார்பேட்டையில் வீடு பார்க்கலாமா? (தாம்பரம் வாசகர்)

ப: பாருங்கள். வீட்டைப் பார்க்கும் முன் மாடிப்படியைப் பாருங்கள். ஜார்ஜ் டவுனில் பெரும்பாலும் கீழே கடை, நடுவில் சரக்கு, அதற்கு மேலே குடித்தனம். இரண்டு கடைகளுக்கு நடுவே ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒரு சந்து தெரியும்; அதுதான் உங்கள் தலைவாசல். பீரோ ஏறுமா, கட்டில் திரும்புமா என்று அளந்துவிட்டு அட்வான்ஸைக் கொடுங்கள். சில வீடுகளில் உங்கள் பெயரைக் கேட்கும் முன்பே "வெஜிடேரியனா?" என்று கேட்பார்கள். பைக் நிறுத்த இடம் உண்டா என்று மட்டும் புரோக்கரிடம் கேட்டுவிடாதீர்கள். பாவம், மனுஷன் பேச்சை மாற்ற ரொம்பச் சிரமப்படுவார்.

கே: காரை எங்கே நிறுத்துவது? (அண்ணா நகர் வாசகி)

ப: அண்ணா நகரில். 2019 முதல் உயர்நீதிமன்றம், மண்ணடி என இரண்டு மெட்ரோ நிலையங்கள் இருக்கின்றன. ஏறி வெளியே வந்ததும் மீன்பாடி வண்டிக்கு வழிவிடப் பழகுங்கள். ஆள் உயரத்துக்குத் துணி மூட்டை அடுக்கிய வண்டியை நிறுத்தினால் மறுபடி மிதித்துக் கிளப்புவது யார்? ஆகவே வண்டிக்காரர் நிறுத்த மாட்டார். "ஓரம், ஓரம்" என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம், ஒதுங்குங்கள்.

கே: மகளுக்குக் கல்யாணம். எல்லாவற்றையும் பாரிஸிலேயே வாங்கிவிடலாம் என்கிறார் சம்பந்தியம்மா. நடக்கிற காரியமா? (காஞ்சிபுரம் வாசகி)

ப: சம்பந்தியம்மா விவரமானவர், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு. துணிக்குக் கோடவுன் தெரு. முந்திரி, ஏலக்காய்க்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. குங்குமம், பூஜைச் சாமானுக்குத் தேவராஜ முதலி தெரு. நகைக்கு என்.எஸ்.சி. போஸ் ரோடு, பூவுக்குப் பத்ரியன் தெரு. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்து நெஞ்சை அடைத்தால் பக்கத்திலேயே நயினியப்ப நாயக்கன் தெரு. மருந்து மொத்த விலையில் கிடைக்கும்.

காய்கறி மட்டும் தேடாதீர்கள். கொத்தவால்சாவடி மார்க்கெட் 1996-லேயே கோயம்பேட்டுக்குக் குடிபோய்விட்டது.

பத்திரிகைக் கடையில் ஒரு சூட்சுமம். ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே "எத்தனை வேணும்?" என்பார். நூறு என்றால் ஆல்பம் மூடிக்கொள்ளும். ஐந்நூறு என்றால் ஃபேன் உங்கள் பக்கம் திரும்பும். ஆயிரம் என்றால் டீ. டீயைக் குடித்துவிட்டு இருநூறில் வந்து நின்ற ஒரு பெரியவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

கே: வால்டாக்ஸ் ரோடு என்கிறார்களே, அந்த வரியை யார் கட்டினார்கள்? (வேலூர் வாசகர்)

ப: யாரும் கட்டவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டு, செலவை ஊர்க்காரர் தலையில் வரியாகப் போடப் பார்த்தார்கள். வசூலாகவில்லை. பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக ஒரு துண்டு மதில் மிச்சமிருக்கிறது. ரோடு மட்டும் இன்னும் டிமாண்ட் நோட்டீஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கே: பாரிமுனையில் எல்லோரும் கடந்துபோகும், யாரும் பார்க்காத பொருள் எது? (மதுரை வாசகர்)

ப: டேர் ஹவுஸ் வளாகத்தில் நிற்கும் கல்தூண். 1758-59-இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய ஊரின் வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகிவிட்டன. பிறகு கம்பெனி அந்த ஊரையே இடித்துத் தள்ளி, பீரங்கி சுடத் தோதாக மைதானமாக்கியது. இதற்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் எல்லைக்கு ஆறு தூண்கள் நட்டார்கள். மிஞ்சியது இந்த ஒன்றுதான். தூண்களுக்கு அப்பால் வளர்ந்த ஊர்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். சென்னகேசவப் பெருமாளும் அப்படி இடம்பெயர்ந்து தேவராஜ முதலி தெருவுக்கு வந்தவர்தான். யாரும் கட்டக் கூடாத அந்த நிலத்தில் 1892-இல் உயர்நீதிமன்றத்தைத் திறந்தார்கள். ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கப் பொருத்தமான இடம்.

கே: முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று இருப்பது நிஜமா, கிண்டலா? (திருநெல்வேலி வாசகர்)

ப: நிஜம். ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி. திருநெல்வேலிக்காரர் நீங்கள், மணப்பாறைப் பக்கம் போகும்போது இதைச் சொல்லிவிடாதீர்கள்.

என் ஓட்டு பர்மா பஜார் பக்கத்து அத்தோவுக்கு. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம் எல்லாவற்றையும் வெறுங்கையால் பிசைந்து தருவார்கள். கரண்டி கேட்டால் ருசி போய்விடும், கேட்காதீர்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் இது.

கே: ஞாயிற்றுக்கிழமை கடைகள் இருக்காதே, வந்து என்ன பிரயோஜனம்? (கோவை வாசகி)

ப: அன்றைக்குத்தான் ஊரே தெரியும். மற்ற நாட்களில் கால் எங்கே மிதிபடுமோ என்று தரையைப் பார்த்து நடக்கிறோம்; ஞாயிறன்று தலையை நிமிர்த்தினால் மர பால்கனி, கம்பி வேலைப்பாடு எல்லாம் கண்ணில் படும். அரண்மனைக்காரத் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மேனியன் சர்ச் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையை 1794-இல் இதே சென்னையில் நடத்திய ஷமாவோனியன் பாதிரியாரின் கல்லறை அங்கே உண்டு. பத்திரிகை இரண்டு வருஷத்தில் நின்றுவிட்டது. எங்கள் தொழில்காரர் என்பதால் நான் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பேன்.

கே: பாரிஸ் என்கிறீர்கள், ஈபிள் டவர் மாதிரி ஏதாவது உண்டா? (புதுச்சேரி வாசகர்)

ப: உயர்நீதிமன்றக் கோபுரம் இருக்கிறதே! 1977 வரை அதன் உச்சியில் கலங்கரை விளக்கம் எரிந்து கப்பல்களுக்கு வழி காட்டியது. விளக்கு மெரினாவுக்குப் போய்விட்டது. இப்போது வழி தெரியாவிட்டால் கீழே வக்கீல்களைத்தான் கேட்க வேண்டும். வாய்தா வாங்கிக்கொண்டு சொல்வார்கள்.