மாறியைக் கட்டுப்படுத்தாத அமைச்சு

ஸ்ரீ கெம்பாங்கானில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒன்றை நிறுத்திக் கேளுங்கள். இரண்டு தொட்டியில் பயறு ஊன்றி, ஒன்றை வெயிலிலும் மற்றதை இருட்டிலும் வைக்கிறோம். தண்ணீரும் மண்ணும் மட்டும் ஏன் ஒரே அளவு? "மாறிகளைக் கட்டுப்படுத்தணும் சார்" என்று மூச்சு விடாமல் சொல்லும். பத்து வயதில் புரிகிற இந்தச் சங்கதி புத்ராஜெயாவில் இருக்கும் கல்வி அமைச்சுக்கு மட்டும் புரியவில்லை. இத்தனைக்கும் இங்கிருந்து ஒரே எம்ஆர்டி தடத்தில் அங்கே போய் இறங்கலாம்.

2002இல் மலேசியப் பிரதமர் மகாதீர் முடிவெடுத்தார். 2003 ஜனவரியில் முதலாம் ஆண்டு, முதலாம் படிவம், கீழ் ஆறாம் படிவம் மூன்றிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. முதலில் பத்துப் பள்ளியில் வைத்துப் பார்க்கவில்லை. நாடு முழுக்க ஒரே தொட்டி! ஆசிரியருக்கு அவசரப் பயிற்சி, மடிக்கணினி, குறுந்தட்டு, போதாததற்குப் படித்தொகை. மடிக்கணினியைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவதே பல தலைமையாசிரியர்களுக்குத் தனிப்பாடமாகிப் போனது.

ஸ்ரீ கெம்பாங்கான் அவசரகாலத்தில் எழும்பிய சீனப் புதுக்கிராமம். சீனர் கல்வி அமைப்புகள் அன்று மல்லுக்கு நின்று, தங்கள் ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலத்தோடு சீனத்திலும் அதே பாடங்களை நடத்தும் நேரத்தைப் பிடித்துக்கொண்டன. நம் தலைமை என்ன செய்தது? தலையாட்டியது. தமிழ்ப்பள்ளியில் இரண்டு பாடமும் முழுசாக ஆங்கிலத்துக்குப் போயின. ஒரே ஊர், ஒரே அரசாங்கம். முதுகெலும்புதான் வேறு.

பரிசோதனை செய்யத் தெரிந்தவர்களும் உலகத்தில் இருந்தார்கள். 1970இல் தொடங்கி நைஜீரியாவின் இஃபேயில், ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டும் யொரூபாவில் பாடம் நடத்தினார்கள். ஆங்கிலத்தைத் தனிப் பாடமாகக் கற்பித்தார்கள். பழைய முறையில் படித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். யொரூபாப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள், ஆங்கிலத்திலும்கூட. இதைப் படித்துப் பார்க்க நமக்குப் பல ஆண்டு அவகாசம் இருந்தது.

நம் பரிசோதனையின் முடிவு 2009 ஜூலையில் வந்தது. திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்த கல்வியமைச்சர் முகைதீன் யாசின் ஒரு கணக்கைச் சொன்னார்: இடைநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர்களில் 19.2 விழுக்காட்டினருக்கும் அறிவியல் ஆசிரியர்களில் 9.96 விழுக்காட்டினருக்கும்தான் போதிய ஆங்கிலத் தேர்ச்சி இருந்ததாம். ஐயா, இதை 2002இல் அல்லவா அளந்திருக்க வேண்டும்? ஆறு வருஷம் பிள்ளைகளை மேயவிட்டுவிட்டு, கடைசியில் வேலி இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

டிம்ஸ் என்னும் அனைத்துலக மதிப்பீட்டில் நம் இரண்டாம் படிவக் கணிதப் புள்ளி 2003இல் 508. 2007இல் 474, 2011இல் 440. ஆங்கில எதிர்ப்பாளர்கள் கைதட்ட வேண்டாம். ஆங்கிலத்தைக் கைவிட்ட பிறகு 2015இல் 465 வரை ஏறி, 2023இல் 411க்கு விழுந்தது. கொரோனாவையும் கொஞ்சம் குற்றம் சொல்லலாம், முழுசாகச் சொல்ல முடியாது. மொழியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். கற்பிக்கும் முறையைத் தொடவே இல்லை.

ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால் மூன்றரை. எப்படி? பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு. ஏன் திருப்ப வேண்டும்? வாயை மூடிக்கொண்டு திருப்பு! கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா இதே கணக்கை ஆசிரியர்களிடம் கொடுத்து, இதற்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றார். ஒன்றேமுக்கால் கிலோ மாவை அரைக் கிலோப் பொட்டலமாகக் கட்டினால் எத்தனை பொட்டலம் என்பது போல ஒன்று. 1999இல் வந்த அவருடைய நூலின்படி, சீனாவின் 72 ஆசிரியர்களில் 90 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் ஒரே ஒருவர். அமெரிக்கர்களுக்கு ஆங்கிலப் பஞ்சமா?

நம் சங்கக் கூட்டங்களில் எப்படிக் கற்பிக்கிறோம் என்ற கேள்வி எழாது. 2016இல் டிஎல்பி, அதாவது இருமொழித் திட்டம், என்ற புதுப் பெயரோடு பழைய சரக்கு திரும்பி வந்தது. வளம் வேண்டும், ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும், பெற்றோர் சம்மதிக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. தமிழ்ப்பள்ளி வாரியங்கள் சிலவற்றுக்கு அது பாடத்திட்டமாகவே தெரியவில்லை, பிள்ளை பிடிக்கும் பதாகையாகத்தான் தெரிந்தது. எதிர்த்தவர்களில் பலரும் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டுப் போனார்களே தவிர, பின்னத்தைத் தமிழிலாவது விளக்குகிறார்களா என்று வகுப்புக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

2003இல் முதலாம் ஆண்டில் உட்காரவைக்கப்பட்ட பையனுக்கு இப்போது முப்பதை ஒட்டி வயது. தன் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி அலுவலகத்துக்கு வருகிறான். சம்மதப் பாரத்தை நீட்டுகிறார்கள். அன்று அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள், எந்த மொழி என்று மட்டும்.