ஈரக்கழிவு போக

தலையில் முடி குறையக் குறைய அதை வெட்டுகிற காசு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பன்வில பஜாரில் நான் வழமையாகப் போகும் சலூனில் இப்போது வெட்டுக்கு 600 ரூபா, தாடியும் சேர்ந்தால் 900. காடு வளர்த்துக்கொண்டு வரும் பையனுக்கும் 600. இரண்டு காதுக்கு மேலே கொஞ்சம், பிடரியில் கொஞ்சம் என்று மிச்சமிருக்கும் எனக்கும் 600. பஸ்ஸில்கூட அரை டிக்கட் என்று ஒன்று இருக்கிறது.

சலூன்காரத் தம்பியிடம் இதைக் கேட்டே விட்டேன். "உங்க தலைதான்யா கஷ்டம். இருக்கிறத தேடிப் பிடிச்சில்ல வெட்டணும்" என்றார். தேடுவதற்குத் தனிக் காசு கேட்காமல் விட்டாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவன். எந்தச் செலவைப் பார்த்தாலும் இது எத்தனை பேருக்கு, அதாவது எத்தனை நாள் கூலிக்குச் சமம், முழுப் பேரா அரைப் பேரா என்று மனசு தானாகக் கூட்டிக் கழிக்கும். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு மலையகம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். கூட்டு ஒப்பந்தம், பேச்சுவார்த்தை, பணிப்பகிஷ்கரிப்பு, சம்பள நிர்ணய சபை, வர்த்தமானி எல்லாம் கடந்து 2021இல்தான் அந்த ஆயிரம் வந்தது. வந்த கையோடு கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1700 என்று வர்த்தமானி போட்டார்கள். அதற்கு உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வந்தது. இழுபறிப்பட்டுச் செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350இல் வந்து நின்றது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வருகைப்படியும் சேர்த்து 1750 என்றார்கள்.

சலூன் கூலி ஏறுவதற்கு இவ்வளவு பாடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை போனால் விலைப்பலகையில் பழைய இலக்கத்தின் மேல் ஒரு கொப்பித் தாள் துண்டு ஒட்டியிருக்கும். சிவப்புப் பேனையில் புதுத் தொகை. பேச்சுவார்த்தையும் இல்லை, வர்த்தமானியும் இல்லை. எதிர்த்து வழக்குப் போடலாம் என்றால் எழுந்து போக முடியாது, எழுந்தால் இடம் போய்விடும்.

அந்தப் பலகையைச் சுரண்டிப் பார்த்தால் தாளுக்குக் கீழே தாளாக நாட்டின் பொருளாதார வரலாறு முழுவதும் வரும். அடிமட்டத்தில் பெயின்டில் எழுதிய பழைய விலை. அதன் மேலே 2022. அந்த வருடம் மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்சாரத்தை வெட்டினார்களே, அப்போது நான் இதே சலூனில் இருந்தேன். கதிரையில் ஒரு இளந்தாரி. இடது பக்கம் மெஷின் ஓடி மொழுமொழுவென்று ஆகிவிட்டது, வலது பக்கம் தொட்டதும் கரண்ட் போய்விட்டது. தம்பி தட்டுமுட்டுப் பெட்டியைக் கிளறித் தன் அப்பா காலத்துக் கை மெஷினை எடுத்தார். அது வெட்டும் முடி பாதி, பிடுங்கும் முடி பாதி. பையன் இரண்டு தரம் "அம்மா" என்றான். மூன்றாவது இழுப்பில் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, கரண்ட் வந்த பிறகு வருகிறேன் என்று போய்விட்டான். பன்வில பஸ் தரிப்பிடத்தில் அவனை இடது பக்கமாகப் பார்த்தவர்களும் வலது பக்கமாகப் பார்த்தவர்களும் வேறு வேறு ஆள் என்றே நினைத்திருப்பார்கள்.

அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது. பிளேட், கிறீம், பவுடர், கடை வாடகை என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு தாள் துண்டு.

அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் பௌமோல் 1960களில் இப்படிக் கூலி ஏறுவதைப் பற்றி யோசித்திருக்கிறார். தொழிற்சாலையில் மெஷின் வந்ததும் ஒரு ஆள் பத்து ஆளின் வேலையைச் செய்கிறான், சம்பளமும் ஏறுகிறது. ஆனால் நாலு பேர் வாசிக்க வேண்டிய சங்கீதத்துக்கு இன்றைக்கும் நாலு பேர் வேண்டும். வேகமாக வாசித்துச் சீக்கிரம் முடிக்கவும் முடியாது. மற்ற இடத்தில் சம்பளம் ஏறும்போது இவர்களுக்கும் ஏற்றிக் கொடுக்காவிட்டால் பிடிலைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். முடிவெட்டும் தொழிலுக்கும் இதே நியாயம்தான் என்று பொருளியல் படித்தவர்கள் சொல்வார்கள். நம்ம தம்பி இதற்கு அவ்வளவு சுற்றவில்லை. "என் பங்காளி கொழும்பில மேசன் வேலைக்குப் போறான்யா. அவன் ஒரு நாளைக்கு எடுக்கிறத நான் எடுக்கலன்னா நானும் போயிருவேன். அப்புறம் யார் உங்களுக்கு வெட்டுறது?" என்றார். பௌமோல் சொன்னதைவிட இது எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே விலையை நான் மன்னித்துவிட்டேன். காத்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கிழமையில் ஏழு நாள் இருக்கிறதே, ஏன் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையே வந்து விழ வேண்டும்? கணக்குப் போட்டால் தெரியும். செவ்வாய், வெள்ளி முடி வெட்டினால் வீட்டில் சோறு கிடைக்காது. சனி வேண்டாம் என்று சில வீடுகளில் சொல்வார்கள். அமாவாசை, பௌர்ணமி, கார்த்திகை, பிறந்த கிழமை எல்லாம் தள்ளுபடி. மனைவி முழுகாமல் இருந்தால் மாதக்கணக்கில் தள்ளுபடி. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் கொடி இறங்கும் வரை கத்தி படக் கூடாது. மிஞ்சுவது திங்கள், புதன், வியாழன். அந்த மூன்று நாளும் மலையில் கொழுந்து. தோட்டத்துக்கு ஓய்வு ஞாயிறு. அதிலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கக் கூப்பிட்டால் காலை போய்விடும். சோற்றைத் தின்றுவிட்டு மடுல்கலைப் பக்கமிருந்தும் ஹுலுகங்கைப் பக்கமிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கும் அத்தனை தலையும் இரண்டு கதிரைக்குத்தான் போட்டி.

கார்த்திகை, மார்கழியில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் சலூன் பக்கமே வரமாட்டார்கள். ஆனால் தைப்பொங்கல் கழிந்து மாலையைக் கழற்றிவிட்டு, இரண்டு மாதத் தாடியோடு ஒரு பட்டாளம் வந்து இறங்கும் பாருங்கள், அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

பள்ளிக்கூடத்தின் பங்கும் உண்டு. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஒழுக்காற்று ஆசிரியர் ஒவ்வொரு பையனின் பிடரியிலும் விரலை விட்டுப் பார்ப்பார். விரலில் முடி சிக்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூடமே சலூனில்தான். ஒரு முறை அந்த ஆசிரியரே வந்து மாட்டிக்கொண்டார். பெஞ்சில் அவருக்கு முன்னால் அவரால் அனுப்பப்பட்ட ஒரு வகுப்பே உட்கார்ந்திருந்தது. ஒருவனும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. "சேர், வரிசையில வரணும்னு நீங்கதான சொன்னீங்க" என்றான் ஒரு பொடியன். சேர் வீரகேசரியை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அது போன மாதத்துப் பேப்பர்.

என் தங்கை மகன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான். இந்த வரிசையைப் பற்றி நான் புலம்பியதும், "மாமா, இது பெரிய கணக்கு. 1965லயே டைக்ஸ்ட்ரான்னு ஒரு டச்சுக்காரர் போட்டிருக்கார்" என்றான். ஒரு சலூன், ஒரு முடிவெட்டுபவர், காத்திருக்கச் சில கதிரைகள். ஆள் இல்லாவிட்டால் அவர் தூங்குவார். வந்தவர் எழுப்ப வேண்டும். கதிரை நிறைந்திருந்தால் வந்தவர் திரும்பிப் போய்விட வேண்டும். கணினிக்குள் பல வேலைகள் ஒன்றோடொன்று மோதாமல் காத்திருக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்க இப்படி ஒரு சலூனைக் கட்டினாராம்.

அந்த மனிதர் பன்விலவுக்கு வந்ததில்லை என்பது கேட்டவுடனே விளங்கியது. இங்கே தம்பி தூங்க வழியே இல்லை. கதிரை நிறைந்தால் யாரும் திரும்பிப் போவதும் இல்லை. நிலையில் சாய்வான், படியில் குந்துவான், பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு ஒரு கண்ணை இங்கே வைத்திருப்பான். அதற்கும் மேலே குடை. மழைக்கு இந்த ஊரில் நேரம் காலம் கிடையாது, ஆகவே குடை இல்லாத ஆளும் கிடையாது. அதைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி, மருந்தெடுத்து, சங்கத் தலைவரிடம் பேசிவிட்டு ஆறுதலாக வருவார்கள். ஆள் இல்லாமல் குடை மட்டும் முடிவெட்டக் காத்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு டைக்ஸ்ட்ராவின் கணக்கில் விடை இருக்கிறதா என்று மருமகனைக் கேட்டேன். விரிவுரையாளரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனவன் போனவன்தான்.

காத்திருப்பவர்களில் ஒரு சிங்களத் தாத்தா உண்டு. தம்பி அவரைப் பார்த்து, "சீயா, தவ விநாடி தஹயய்" என்பார். என்னைப் பார்த்து, "ஒரு பத்து நிமிசம்யா" என்பார். இரண்டு மொழியிலும் அந்தப் பத்து நிமிடம் ஒரே நீளம். முக்கால் மணிநேரம். ஏனென்றால் கதிரையில் இருப்பவன் கைபேசியில் ஒரு கால்பந்து வீரனின் படத்தைக் காட்டி, இதே மாதிரி ஃபேட் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். சீரோ நம்பர், ஒண்ணாம் நம்பர், ஒண்ணரை என்று மெஷினுக்குச் சீப்பை மாற்றி மாற்றிப் போட்டு, காதுக்கு மேலே ஒரு அங்குலத்துக்குள் ஐந்து விதமான கறுப்பைக் கொண்டு வர வேண்டும். தம்பி பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். திரும்பக் குனிந்து இரண்டே இரண்டு முடியை எடுக்கிறார். கைவேலை என்றால் கைவேலைதான், பார்த்துக்கொண்டே இருக்கலாம். வேறு வழியும் இல்லை.

மருமகன் பரிதாபப்பட்டுக் கண்டியில் ஒரு ஏசி சலூனுக்குக் கூட்டிப் போனான். நேரம் பதிந்துதான் போனோம். பதிந்த நேரத்துக்குப் போனால் மெத்தை வைத்த சோபாவில் காத்திருக்க வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஜூனியரா சீனியரா என்று கேட்டார்கள். என் வயதைக் கேட்கிறார்கள் என்று நினைத்து சீனியர் என்றேன். வெட்டுபவரின் தரத்தைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு வேறு விலை. பில்லைப் பார்த்ததும் இரண்டு பேர் கழன்றது போல இருந்தது. வத்தேகம பஸ் ஏறி வரும்வரை மருமகனோடு பேசவில்லை.

இந்தப் புலம்பலை வீட்டில் சொல்ல முடியாது. மகளின் கலியாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் என்று கொடுத்த காசில் நான் பிறந்ததிலிருந்து வெட்டிய அத்தனை முடியையும் திரும்ப ஒட்டியிருக்கலாம். அதுவும் விடியச் சாமம் மூன்று மணிக்குப் போய் உட்கார வேண்டும்.

எங்கள் சின்ன வயதில் காத்திருக்கும் வேலை வேறு ஆளுடையது. தோட்டத்து முடிவெட்டுபவர் பெட்டியோடு லயத்துக்கு வருவார். பலா மரத்தடியில் ஒரு கட்டை. கூப்பிட்ட வாசலுக்கெல்லாம் போக வேண்டும், வீட்டுக்காரர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, எழுந்து வரும்வரை வெளியே நிற்க வேண்டும். கூலியும் கையில் கிடையாது. சம்பளச் சிட்டையில் கோயில், சங்கம், டோபி வரிசையில் பார்பர் என்று ஒரு பிடிப்பனவு போகும், அது சேர்ந்து வரும்போது வரும். கலியாணம், கருமாதி எதுவானாலும் போகாமல் இருக்க முடியாது. இன்றைக்கு அவர் பேரன், நம்ம தம்பி, கண்ணாடி போட்ட கடையில் நிற்கிறார், நாங்கள் வெளியே நிற்கிறோம். நியாயம்தான், குறை சொல்ல வாயில்லை. ஆனால் மூன்று தலைமுறைப் பாக்கியை ஒரே தீபாவளிக்கு முதல் நாள் என்னிடம் அறவிட வேண்டுமா?

தீபாவளிக்கு முதல் நாள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்தில் அட்வான்ஸ் கிடைத்திருக்கும். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் பிள்ளைகள் ஒரே நாளில் வந்து இறங்குவார்கள். அன்றைக்குத் தம்பி துண்டில் இலக்கம் எழுதிக் கொடுப்பார். போன வருடம் என் இலக்கம் வரும்போது ராத்திரி பத்து மணி தாண்டிவிட்டது. தம்பிக்குக் கண் சிவந்து, குரல் அடைத்து, கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வழியாகக் கதிரையில் ஏறி உட்கார்ந்தேன். தலையில் தண்ணீரை அடித்தார்.

பத்து மணிவரை யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "தம்பி, தலைக்கு இவ்வளவுன்னு வாங்குறது அநியாயம். கொழுந்து மாதிரி நிறுத்து வாங்கு. கீழே விழுற முடியைக் கூட்டி அள்ளித் தராசில வை. கிலோவுக்கு இவ்வளவு. இந்த ஃபேட்காரனுங்க ஓவர் கிலோ போடட்டும், எனக்கு அரைப் பேர் போதும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. சீப்பைத் துடைத்தார்.

"நிறுக்கலாங்கய்யா. ஆனா தண்ணி அடிச்சில்ல வெட்டுறேன். ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறது?"

"ரெண்டு கிலோ" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கடை அதிர்ந்தது. என் தலையில் இருப்பது எல்லாம் சேர்த்தே ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.

"எங்கம்மா உங்க மலையிலதான் கொழுந்தெடுத்தாங்க" என்றார் தம்பி, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபடி. "மழை நாள்ல கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணுன்னு நீங்க கழிச்சதெல்லாம் வீட்ல வந்து சொல்வாங்க. அதக் கூட்டிப் பாத்தா, உங்ககிட்ட இன்னும் இருபது வருசத்துக்கு ஆயிரம் ஆயிரமா வாங்கினாலும் கணக்கு நேராகாது. தலையக் குனிங்கய்யா, பின்பக்கம் எடுக்கணும்."