முக்கால் லிட்டர் ரசிகர்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஸ்ரீமுஷ்ணம் பஸ் நிறுத்தத்தில் தோள்பையும் இரண்டு ஈரிழைத் துண்டுமாக ஒருவர் நின்றால், அண்ணன் பாண்டிச்சேரிக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். துண்டு குளிப்பதற்கல்ல, பாட்டில் சுற்ற. சேத்தியாத்தோப்பு, வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் என்று பஸ் குலுக்கியெடுக்கும். அவர் முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகும் களை. பாண்டியில் மச்சான் இருக்கிறார். சொல்தா குடும்பம்; மச்சானின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். அந்த வீட்டு மொட்டைமாடிதான் அண்ணன் படித்த பள்ளிக்கூடம்.

இவரிடம் 'சரக்கு' என்ற சொல்லை வாய்தவறியும் விட்டுவிடாதீர்கள். முகம் சுண்டிப்போகும். "ஒயின், தம்பி." அதிலும் சிவப்பு. அதிலும் பிரான்ஸ். அதிலும் விலை மலிவு. இந்தக் கடைசியில்தான் அவர் உயிர் இருக்கிறது.

"போர்தோவா? 1855-ல போட்ட தரப்பட்டியலை வச்சிக்கிட்டு இன்னைக்கும் காசு பிடுங்குறான். பண்ருட்டிப் பலான்னா விலை ஏறுதில்ல? நாலு வரப்பு தள்ளி விளைஞ்சதுக்குப் பேரு கிடையாது. சுளை அதே சுளை. நான் நாலாவது வரப்புக்காரன்கிட்ட வாங்குறவன்."

அந்த நாலாவது வரப்பு பிரான்ஸின் தெற்கே, லாங்கெதோக்கில், கொர்பியேர் மலைச்சரிவில் இருக்கிறது. பிரான்ஸின் தென்மேற்கில் காஓர். மால்பெக் திராட்சை, மைக்கூட்டைக் கவிழ்த்தது போல ஒரு நிறம், 'கறுப்பு ஒயின்' என்றே பேர். போஜொலே என்றால் அண்ணன் குரல் தழுதழுக்கும். 1395-ல் பர்கண்டிப் பிரபு பிலிப், காமே என்கிற திராட்சைக் கொடியைப் பிடுங்கி எறியச் சொல்லி உத்தரவு போட்டார். பாவப்பட்ட கொடி, தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் பிழைத்துக்கொண்டது. இதை அவர் சொல்லும்போது பங்காளிச் சொத்து வழக்கைக் கேட்பது போலிருக்கும். ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் சொல்லும் விவரத்தில் தப்பிருக்காது. அங்கே 5 யூரோவுக்கு விற்கிற சாது பாட்டில், ஆண்டுக்கணக்காக 150 சதவீதம் இருந்த சுங்கவரியைத் தாண்டி மாப்பிள்ளை முறுக்கோடு வந்து இறங்கும். அதில் எது தேறும் என்று பொறுக்க ஒரு மூளை வேண்டாமா?

சிக்கல் திரும்பும் வழியில், ஆல்பேட்டையில். சோதனைச் சாவடிக்கு ஒயினும் சரக்குதான். ஆகவே அண்ணன் பாண்டியிலேயே குடித்துவிட்டு, காலி பாட்டிலைக் கொண்டுவருகிறார். ஒரு தடவை போலீஸ்காரர் துண்டைப் பிரித்து, பாட்டிலைக் கவிழ்த்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "காலி பாட்டிலுக்கா இவ்வளவு சீராட்டு?" என்றாராம்.

"லேபிள் கிழிஞ்சிடக் கூடாது சார்."

போலீஸ்காரர் பாட்டிலை விட்டுவிட்டு, இவர் முகத்தைக் கொஞ்சநேரம் சோதனை போட்டுப் போகச் சொன்னாராம்.

ஆக, ஸ்ரீமுஷ்ணத்தில் நடப்பதெல்லாம் காலி பாட்டில் கச்சேரி. திண்ணையில் உட்காரவைத்து, ஷினோன் பாட்டிலை மூக்கருகே நீட்டுவார். "மோந்து பாரு தம்பி. முதல் மழை பட்ட மண்ணு. அப்புறம் லேசா... கோரைக்கிழங்கு வருதா?"

உள்ளேயிருந்து அண்ணி குரல் வரும்: "பெருமாள் பிரசாதத்தையும் அந்தக் கருமத்தையும் ஒரே வாயில சொல்லாதீங்க!" பூவராகருக்குக் கோரைக்கிழங்கு நைவேத்தியமாகும் ஊர் இது, அண்ணியின் கோபம் நியாயம்தான்.

எனக்கு வந்தது நல்லெண்ணெய் வாசம். அதற்கும் காரணம் அண்ணிதான். கனமான பாட்டில், கார்க்கும் இருக்கிறது என்று செக்குக்கு எடுத்துப் போகிறார். லேபிளில் எண்ணெய் படாமல் பிடிக்கச் சொல்ல அண்ணனும் கூடவே போவார். போன வாரம் செக்குக்காரர் ஷினோனைத் தூக்கி, அடிப்பள்ளத்தில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார்.

"என்னங்கம்மா, அடியில இவ்வளவு குழி? ஒரு லிட்டர் பிடிக்காதே."

"முக்கால்தான் பிடிக்கும். பிரான்ஸ் பூரா அதான் அளவு" என்றார் அண்ணன், பெருமையாக.

"அங்க இருக்கட்டும் சார்" என்று செக்குக்காரர் பிளாஸ்டிக் கேனை எடுத்து வைத்தார்.