தலைமையாசிரியர் கையெழுத்து செல்லுமா?

ஊருக்கெல்லாம் வாக்குச்சாவடி நடத்தும் ஆசிரியர், தன் சொந்த வாக்கைப் போட ஒரு நுழைவுத்தேர்வே எழுத வேண்டியிருக்கிறது. முதலில் தபால் வாக்கு கேட்டுப் படிவம் 12. பிறகு வாக்குச்சீட்டைச் சின்ன உறையில் போட்டு ஒட்ட வேண்டும். 13ஏ உறுதிமொழி அதற்குள் போகக் கூடாது. சின்ன உறையோடு சேர்ந்து பெரிய உறைக்குள் போக வேண்டும். எண்ணும் மேசையில் முதல் மரியாதை உறுதிமொழிக்குத்தான். அதில் பிசகு என்றால் சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

85 வயதைத் தொட்டவர் தபால் வாக்கு கேட்டால் வாக்குப்பதிவுக் குழுவே வீட்டுக்கு வரும், வீடியோ கேமராவோடு. இரண்டு முறை வந்தும் தாத்தா பேத்தி கல்யாணத்தில் இருந்தால் அவ்வளவுதான். தபால் வாக்குப் பட்டியலில் ஏறியவர் சாவடிக்குப் போயும் போட முடியாது.

ஆசிரியரின் 13ஏ உறுதிமொழிக்குச் சான்றொப்பம் வேறு வேண்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரையிடம் திமுகவின் அப்பாவு தோற்றது 49 வாக்கில். தள்ளுபடியான தபால் வாக்குகளோ 203. அவற்றில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டது செல்லாதாம். அவர் கெசட்டட் அதிகாரி இல்லையாம். (ஊரில் பாதிப் பேரின் நடத்தைக்குச் சான்று கொடுத்தவர்!)

செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2019 அக்டோபர் ஆனது. அதே வாரத்தில் மறு எண்ணிக்கையும் முடிந்தது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை. 2021இல் அடுத்த தேர்தலே வந்து, அப்பாவு ஜெயித்து, சபாநாயகர் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டார். 2016இன் கணக்கு அப்போதும் அறிவிக்கப்படவில்லை.