காருக்கு அம்மை போட்ட கதை

அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு சக்கரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது நிறையவே இருந்தது. கிழக்கே பாடியில், 1960-இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்கிறது. அதே பாடியில் 1962-இல் வந்த பிரேக்ஸ் இந்தியா, ஓடுகிற சக்கரத்தை நிறுத்துவதற்கு வழி செய்கிறது. 1959-இல் டன்லப் இங்கே டயர் தொழிற்சாலை வைத்தது. கம்பெனி மூடிப் போச்சு, பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் பெயர் நிலைத்துவிட்டது. மேற்கே ஆவடியில் டாங்கியே செய்கிறார்கள். எங்கள் தெருவில் ரிட்டையர் ஆனவர்களை வரிசையாக நிற்கவைத்தால் சாயங்காலத்துக்குள் ஒரு வண்டியைக் கோத்து வெளியே தள்ளிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட தெருவில்தான் ஒரு டப்பா டயர் பாலிஷை வைத்துக்கொண்டு நான் இனிச் சொல்லப்போகும் இத்தனையும் செய்தேன்.

ஆசை வந்த இடம் வாட்டர் வாஷ் கடை. கழுவித் துடைத்து முடித்த பிறகு, அங்கே வேலை செய்யும் பையன் பாதியாக வெட்டிய கேனில் ஸ்பாஞ்சை முக்கி, டயரைச் சுற்றி ஒரு இழுப்பு இழுப்பான். அவ்வளவுதான், பழைய வண்டி ஷோரூமிலிருந்து இறங்கியதுபோல நிற்கும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் கொஞ்ச நாள் ஓட்டினால் மறுபடி சாம்பல் பூத்துவிடும். இதற்குப் போய் ஒவ்வொரு தடவையும் காசு கொடுப்பானேன், நாமே செய்வோம் என்று முடிவெடுத்தேன். சிக்கனமாக இருக்கலாம் என்று நான் எடுத்த முடிவுகளில் இதற்குத்தான் அதிகம் செலவானது.

உண்மையில் அந்தப் பளபளப்பிடம் நான் அதற்கு முன்பே ஒருமுறை ஏமாந்திருந்தேன். இந்த செகண்ட்ஹேண்ட் காரை வாங்கும்போது நான்கு டயரும் மையாகக் கறுத்து மின்னின. "டயர் புதுசு போல இருக்கே" என்று நானே எடுத்துக் கொடுத்தேன், புரோக்கர் மறுப்பாரா? டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்த டயர். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டபோது ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு மாறியிருந்தது. பாலிஷ் காய்ந்ததும் பக்கவாட்டு வெடிப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வணக்கம் சொல்லின.

முதலில் டயரில் படிந்திருந்த பழுப்பைப் பிடித்துக்கொண்டேன். அழுக்கு என்று நினைத்து மண்ணெண்ணெய் தொட்டு நாலு டயரையும் தேய்த்துத் தள்ளினேன். அந்தப் பழுப்பில் பாதி அழுக்கே கிடையாது. காற்றிலுள்ள ஓசோன் பட்டு ரப்பர் வெடிக்காமல் இருக்க, டயர் செய்யும்போதே மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் ஓடி வளைந்து நிமிரும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வரும். காற்று பட்டுப் பழுப்பாகும். டயர் தனக்குத்தானே பூசிக்கொண்ட மருந்தை வழித்து எடுத்துவிட்டு, அதற்கு மேல் கடைச் சரக்கைப் பூசியவன் நான். ரப்பரின் சொந்த நிறம் வெளுப்பு. வலுவுக்கும் வெயிலைத் தாங்குவதற்கும் கார்பன் பிளாக் சேர்ப்பதால்தான் கறுப்பு. ஆகக் கறுப்பும் உள்ளேயே இருக்கிறது, மருந்தும் உள்ளேயே இருக்கிறது. பழைய இன்ஜின் ஆயில் தடவினால் இன்னும் மின்னும் என்று ஒரு மெக்கானிக் ஷெட்டில் யோசனை சொன்னார்கள். கார் டயர் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து உப்பி இளகும் சாதி. அதையும் ஒரு டயரில் செய்துபார்த்தேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

அடுத்தது திருவேற்காடு. காலையில் பாலிஷை வாங்கி, ஈரம் காயாத டயரில் கைக்கு வந்த அளவு அப்பிவிட்டு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கருமாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினேன். வானகரம் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தேன். சக்கரம் சுற்றும்போது அதிகப்படி பாலிஷ் சும்மா இருக்குமா? நூலிழையாகப் பிரிந்து வெள்ளைக் கதவில் தெறித்திருக்கிறது. கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா முழம் போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, காருக்கு அம்மை போட்டிருக்கு?" வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மனுக்கு முன்னால் அந்தப் பேச்சுக்குச் சிரிக்கவும் பயமாக இருந்தது, சிரிக்காமலும் முடியவில்லை. சிலிக்கோன் கலந்த அந்தப் புள்ளிகள் மேல் ரோட்டுத் தூசி ஒட்டிக்கொண்டு, வெயிலில் காய்ந்து, ஷாம்பு போட்டும் லேசில் போகவில்லை.

தெறித்தது அதிகம் அப்பியதால்தான். நான் அதற்குச் சொல்லிக்கொண்ட காரணம், ஸ்பாஞ்சில் தடவியது தப்பு, ஸ்பிரேதான் சரி என்பது. ஸ்பிரே வாங்கினேன். எனது அலாய் வீலின் ஆரங்களுக்கு நடுவே கை நுழையும் அளவு இடைவெளி. உள்ளே பிரேக் டிஸ்க் பளிச்சென்று தெரியும். அதையும் ஒரு அழகாகவே பார்த்துவந்தேன். டயரைக் குறிவைத்து அழுத்திய ஸ்பிரே காற்றோடு போய் டிஸ்க்கில் படிந்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் எஸ்டேட் சிக்னலில் முன்னால் போன ஷேர் ஆட்டோ, வழக்கம்போல நினைத்த இடத்தில் நின்றது. மிதித்தேன். பெடல் கல்லாக இருந்தது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து நின்றபோது ஆட்டோவின் பின்கண்ணாடி ஸ்டிக்கரில் இருந்த எழுத்துப் பிழைகூடத் தெரிந்தது.

எதிர்வீட்டு சார் வேலைக்காலம் முழுவதும் பிரேக் செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். டிஸ்க்கை ஒரு விரலால் தொட்டார், கட்டைவிரலோடு சேர்த்து உருட்டினார், முகர்ந்தார்.

"தம்பி, இந்த டிஸ்க்க ரெண்டு பக்கமும் பேட் பிடிச்சு உரசுது. அந்த உரசல்தான் பிரேக்கு. நடுவுல வழவழன்னு ஒண்ண விட்டா எது உரசும்?"

"தண்ணி ஊத்திக் கழுவிடறேன் சார்."

"தண்ணிக்குப் போறதா இருந்தா மழைக்கே போயிடுமேப்பா, கடைக்காரன் எப்படி விப்பான்?"

டிஸ்க்கை பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க முடிந்தது. பேட் உறிஞ்சியதை எடுக்க முடியவில்லை. மெக்கானிக் உப்புத்தாள் போட்டு உரசிப் பார்த்துவிட்டு, புது பேட் மாட்டி, பழையதைப் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

ஆசிட் கதையைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன். சக்கரத்தில் கறுப்பாக ஒட்டுவது பெரும்பாலும் பிரேக் பேடும் டிஸ்க்கும் தேய்ந்த இரும்புத் தூள். வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டால் போகக்கூடியது. விட்டு வைத்துவிட்டு, பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை, ஓடி வந்த சூடு ஆறாத அலாயில் ஊற்றினேன். அலாயின் மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. அதற்கு அடியில் அலுமினியம். சூட்டில் ஆசிட் அங்கேயே காய்ந்து இரண்டையும் தின்றது. வெள்ளைக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. டிசைன் என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன்.

ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரை விட்டுவைக்க மனம் வரவில்லை. அதன் டயரில் பக்கவாட்டு, மேல்பரப்பு என்ற பேதமில்லாமல் பாலிஷ் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது சாய்ந்து டயரின் ஓரத்தில்தான் நிற்கும். மனைவி எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வாசலில் வளைத்தாள். பின் சக்கரம் விலகியது. நல்லவேளை, காலை ஊன்றிக்கொண்டாள்.

"ஏங்க, இது ஆயுத பூஜையா, எனக்குப் பூஜையா?"

ஆவடி ஃபாக்டரியில் டாங்கி பார்த்து ரிட்டையர் ஆன பக்கத்து வீட்டுக்காரர் சுண்டல் வாங்க வந்தவர், நிதானமாகச் சொன்னார்: "டாங்கி டிராக்குக்கு உள்ள ஓடற சக்கரத்துலயும் ரப்பர் இருக்குது சார். 1965-ல விஜயந்தா டாங்கி வெளிய வந்துதே, அதுலயும் உண்டு. யாரும் அதுக்குப் பாலிஷ் போட்டு நான் பார்த்ததில்ல."

இப்போதும் போடுகிறேன், விட முடியவில்லை. ஆனால் நிழலில், சக்கரம் ஆறிய பிறகு. சக்கரத்துக்குத் தனி வாளி, தனி பிரஷ். அதிலுள்ள மணலோடு கதவைத் தேய்த்தால் கீறல் விழும். கழுவி நன்றாகத் துடைத்து, தண்ணீர் சார்ந்த வகை பாலிஷை ஸ்பாஞ்சில் ஊற்றி, டயரின் பக்கவாட்டில் மட்டும் மெல்லிசாக ஒரு சுற்று. கால் மணி நேரம் கழித்துப் பழைய பனியனால் மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுவேன். எண்ணெய்ப் பிசுக்கான வகையைவிடப் பளபளப்பு குறைவுதான். கிளம்பியதும் தெருவுக்குள்ளேயே மெதுவாக இரண்டு முறை பிரேக்கை மிதித்துப் பார்ப்பேன்.

போன ஞாயிறு அந்த மிதியைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு சார் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். டயரில் விரலை வைத்து இழுத்தார், ஒட்டவில்லை. தலையை ஆட்டினார்.

"ஸ்கூட்டர்ல போட்டியா?"

"இல்ல சார்."

என்னைத் தாண்டிப் போய், வேட்டியை மடித்துக் கட்டி, குந்தி உட்கார்ந்து ஸ்கூட்டர் டயரைத் தடவிப் பார்த்தார்.